பட்டைத் தண்ணீர் – 11: எட்டுப் பேர் மறைத்தது

திங்கட்கிழமை காலை ஏழரை மணி பஸ்ஸில் செங்கம்மாவுக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்து இடம் காலியாக இருந்தும் மருமகன் நாகேந்திரன் நின்றுகொண்டேதான் வந்தான். மாமியாரோடு ஒரே சீட்டில் உட்கார அவனுக்குக் கூச்சம். திருப்பதியிலிருந்து சித்தூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டே வந்தான்.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. பஸ் முழுக்க எல்லைப் பேச்சு. எந்த ஊர் மெட்ராஸ் பக்கம், எந்த ஊர் ஆந்திரா பக்கம் என்று ஆளுக்கு ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள்.

"பாலசமுத்திரம் இன்னா ஆச்சாம்?" என்று ஒருவர் கேட்டார்.

"அது இந்தப் பக்கம்தான் நிக்கும்னு சொல்றாங்க. எங்க மாமியார் ஊரு மட்டும் அந்தப் பக்கம் போயிட்டா நல்லாருக்கும். எல்லையத் தாண்டி அடிக்கடி வரமாட்டா."

பஸ்ஸே சிரித்தது. நாகேந்திரனும் சிரித்துவிட்டு, மாமியார் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பாலசமுத்திரம் செங்கம்மா பிறந்த ஊர். அவள் காதில் எதுவும் விழவில்லை. ஒன்பது நாளாகவே அவள் காதில் வேறொன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்பது நாளைக்கு முன்புதான் புத்தூரில் இருக்கும் நாகேந்திரனின் சின்னச் சூளைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. பீங்கான் மண்ணைக் கரைக்கும்போது ஆவாரம்பட்டைத் தண்ணீரும் சோடாவும் சேர்க்கிற முறை தன்னுடைய கண்டுபிடிப்பு, அதற்குப் பேட்டண்ட் கேட்டுக் கல்கத்தாவில் ஒப்புக்கொண்டாகிவிட்டது, இனி யாரும் அப்படிச் செய்யக்கூடாது என்று திருப்பதி பீங்கான் கம்பெனி முதலாளி நாகபூஷணம் எழுதியிருந்தார். சூளையில் வேலை நின்றது. செங்கம்மாவின் மகள் மனோரமா ஆறு மாதக் கைப்பிள்ளையோடு ஆறிப்போன சூளை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த நாகபூஷணத்தின் கம்பெனியில்தான் செங்கம்மா பத்தொன்பது வருஷமாகக் கரைசல் தொட்டியில் நிற்கிறாள். அவள் தம்பி சம்பத் அங்கேதான் ஸ்டோர் கிளார்க்.

ஆட்சேபணை சொல்ல நாலு மாதத் தவணை. சனிக்கிழமையோடு முடிகிறது. இன்று சத்தியப் பத்திரத்தில் கைநாட்டு வைத்துத் தபாலில் சேர்த்தால்தான் உண்டு.

சித்தூரில் அவர்கள் தேடி வந்த வக்கீல் சந்திரன் சட்டம் படிப்பதற்கு முன்னால் ரசாயனம் படித்தவர். மேஜை மேல் கல்கத்தாவிலிருந்து தருவித்த நகல் இருந்தது. பதினாலு பக்கம். அத்தனையும் இங்கிலீஷ்.

"இதுல இன்னா சாமி எழுதிக்கீது?" என்று செங்கம்மா கேட்டாள்.

"மண்ணைப் பத்தித்தான். மண்துகள் ஒவ்வொண்ணு மேலயும் துளி மின்சாரம் இருக்குதும்மா."

"கரெண்டா? பத்தொம்பது வருசமா கைய உட்டுக்கினு இருக்கேன். ஒரு நாளும் அடிக்கலியே."

வக்கீல் சிரிக்கவில்லை. "அடிக்கற அளவு இல்ல. ஒரே மாதிரி மின்சாரம் இருக்கற துகள் ஒண்ணையொண்ணு தள்ளும். தள்ளினா ஒட்டாது. ஒட்டலேன்னா கொஞ்சம் தண்ணியிலயே மோர் மாதிரி ஓடும். தண்ணி கொஞ்சமா இருந்தா அச்சுல ஊத்தின சாமான் காயும்போது வெடிக்காது. பட்டையில இருக்கற துவர்ப்பு சோடாவோட சேர்ந்து அந்தத் தள்ளுற சக்தியக் கூட்டுது. இதான் விஷயம்."

"எங்களுக்குத் தெரிஞ்சது, தொட்டி எளகும். அவ்ளோதான்."

"எவ்ளோ ஊத்துவீங்க?"

"முப்பது குடம் புடிக்கிற தொட்டிக்கு அரைச் சொம்பு. பட்டைத் தண்ணி கறுப்புக் காப்பி மாதிரி காஞ்சிருக்கணும். ஆசைப்பட்டுக் கூட ஊத்தினா எளகினது திரும்ப இறுகிக்கும்."

வக்கீல் பென்சிலைக் கீழே வைத்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு ஆபீஸ் சொம்பைக் கொண்டுவரச் சொன்னார். இந்தச் சொம்பா, இதைவிடப் பெரிசா என்று கேட்டார். குடம் எத்தனை படி பிடிக்கும் என்று கேட்டார். காகிதத்தில் கணக்குப் போட்டார். பிறகு நகலின் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார்.

"சரியா இந்த அளவுதான். கூடினா இறுகும்ங்கறதும் இங்க இருக்கு. முதலாளியும் மெட்ராஸ் கெமிஸ்டும் எட்டு மாசம் சோதனை பண்ணிக் கண்டுபிடிச்சோம்னு போட்டிருக்காங்க."

நாகேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்போ ஜெயிச்ச மாதிரிதான சார்?"

"இரு. எப்பலேர்ந்தும்மா ஊத்தறீங்க?"

"என் மவ வயசுக்கு வந்த வருசத்துலேர்ந்து. எட்டு ஒம்போது வருசம் ஆவும்."

அவள் சொன்னாள். சோடாவும் மண்ணும் சேர்ந்து கையைத் தின்றுவிடும். உள்ளங்கை பாளம் பாளமாய் வெடிக்கும். சோற்றில் உப்பு பட்டால் உயிர் போகும். ஊரில் கிணற்று நீர் இறைக்கிற கவலைத் தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்துவதைப் பார்த்தவள் அவள். தோலுக்கு ஆகிற வைத்தியம் கைக்கும் ஆகாதா என்று பட்டையைக் காய்ச்சிச் சட்டியில் கொண்டுபோனாள். தொட்டியில் நிற்கும் எட்டுப் பெண்களும் கையை அதில் நனைத்து நனைத்து இறங்கினார்கள். கை ஆறியது. கூடவே தொட்டியும் இளகியது. நாலு பேர் துடுப்புப் போட்டுத் தோள்பட்டை விழ ஆட்ட வேண்டிய தொட்டி, இரண்டு பேர் தள்ளினாலே ஓடியது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே ஊற்ற ஆரம்பித்தார்கள்.

வக்கீல் எழுதிக்கொண்டே வந்தார். "அப்ளிகேஷன் போட்டது ஐம்பத்தெட்டு ஜனவரி. அதுக்கு முன்னாலயே பல வருஷமா எல்லார் கண்ணு முன்னாலயும் நடந்த காரியம்னு சொன்னா போதும். புதுசு இல்லேன்னு ஆயிடும். பேட்டண்ட் நிக்காது. வெளிப்படையாத்தானே செஞ்சீங்க? மேஸ்திரிக்குத் தெரியுமில்ல?"

செங்கம்மா மேஜை மேலிருந்த சொம்பையே பார்த்தாள்.

"அத்தே, கேக்கறாரு பாரு."

"தெரியாது சாமி. மறைச்சிதான் செஞ்சோம்."

"ஏன்?"

"தொட்டி எளகுதுன்னு தெரிஞ்சா எட்டுப் பேரு எதுக்குன்னு கேப்பாங்க. நாலு பேர அனுப்பிடுவாங்க. சோடா மூட்டைக்குப் பின்னால சட்டிய வெச்சிருப்போம். மேஸ்திரி வந்தா மூச்சுப் புடிச்சிக்கினு ஆட்டற மாதிரி ஆட்டுவோம்."

வேலை லேசானதை முதலாளியிடம் காட்டக்கூடாது என்பது தொட்டியில் நின்று பிழைக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இப்போது கழுத்தில் கயிறாக விழுந்தது.

"அத்தே, தெரியும்னு ஒரு வார்த்த சொல்லிடு. மேஸ்திரி செத்து ரெண்டு வருசம் ஆச்சு. யாரு வந்து இல்லேன்னு சொல்லப்போறாங்க?"

"செத்தவரு மேல பொய் சத்தியம் பண்ணச் சொல்றீங்களா மாப்ளே?"

"அங்க என் பொண்டாட்டி புள்ளைய வெச்சிக்கினு ராவும் பகலும் அழுதுக்கினு இருக்கா. அது உனக்கு பொய்யா?"

"நாகேந்திரா," என்று வக்கீல் தடுத்தார். "அவங்க பொய் சொன்னா முதல் குறுக்கு விசாரணையிலயே உடைஞ்சிடும். மிச்ச ஏழு பேர்ல ஒருத்தி உண்மையச் சொன்னா போதும்."

"நான் என் சூளையில பகிரங்கமாத்தான் சார் ஊத்தறேன். மனோரமாதான் சொல்லிக் குடுத்தா."

"உன் சூளை ஆரம்பிச்சது ஐம்பத்தெட்டு சித்திரை. அப்ளிகேஷனுக்கு அப்புறம். அது உதவாது." வக்கீல் செங்கம்மா பக்கம் திரும்பினார். "இன்னொரு வழி இருக்கும்மா. இது முதலாளி கண்டுபிடிச்சது இல்ல, உங்ககிட்டேர்ந்து போனதுன்னு சொல்லணும். ஆனா எப்படிப் போச்சுன்னு சங்கிலி மாதிரிக் காட்டணும். யாரு சொன்னா, யாருகிட்ட சொன்னா, எப்போ. அது இல்லேன்னா, நீங்க ரகசியமா வெச்சிருந்ததை அவர் தனியாக் கண்டுபிடிச்சார்னு ஆயிடும். எட்டுப் பேர்ல யாரு சொன்னாங்க?"

அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக எட்டுப் பேரில் அவளுக்கு மட்டுமே தெரியும்.

"கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன் சாமி," என்று எழுந்தாள்.

"மாஜிஸ்திரேட் சத்தியப் பத்திரத்துல கையெழுத்து வாங்கறது திங்கட்கிழமை மதியம் மட்டும்தான். ஒரு மணிக்குள்ள வந்துடுங்க."

கோர்ட் வளாகம் எதிரிலேயே இருந்தது. வேப்பமரத்தடியில் காப்பிக் கடைப் படுதாவுக்குக் கீழே சம்பத் நின்றுகொண்டிருந்தான். மடிப்புக் கலையாத சட்டை. கக்கத்தில் ஒரு காகித உறை. அக்காவைப் பார்த்ததும் உறையை முதுகுப் பக்கம் கொண்டுபோனான். பிறகு அது அசிங்கமாகப்பட்டதோ என்னவோ, முன்னாலேயே கொண்டுவந்தான்.

"இன்னாக்கா, காலையிலேர்ந்து ஏதாவது துன்னியா? இட்டிலி வாங்கியாரட்டா?"

"நீ இன்னாடா பண்ற இங்க?"

"மொதலாளி அனுப்பினாரு. நீங்க ஆட்சேபணை போடப்போறீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிபோச்சு. முன்னாடியே என்கிட்ட ஒரு பத்திரம் வாங்கி வெச்சிக்கணுமாம்."

"இன்னா எழுதிக்கீது அதுல?"

சம்பத் கடைக்காரனைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"படிடா. உன்னப் படிக்க வெச்சது எதுக்கு?"

அவன் பிரித்துத் தமிழில் சொன்னான். ஐம்பத்தெட்டு ஜனவரிக்கு முன்னால் கம்பெனித் தொட்டியில் மண், தண்ணீர், சோடா தவிர யாரும் எதையும் கலந்ததில்லை. தொட்டிப் பெண்களுக்கு அந்த அறிவு கிடையாது. அப்போது டைம் கீப்பராக இருந்தவன் என்ற முறையில் நேரில் அறிவேன்.

"அறிவு கிடையாதுன்னு யாரு எழுதினது?"

"வக்கீல் சொன்னாரு. நான் டைப் அடிச்சேன்."

செங்கம்மா மரத்தில் சாய்ந்துகொண்டாள். அவனுக்கு நாலு வயதில் அம்மா செத்துப்போனாள். பன்னிரண்டு வயதுச் செங்கம்மாதான் அவனுக்குச் சோறூட்டியது. எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் அவன் ஸ்லேட்டும் புஸ்தகமும் அவள் தலையில் சுமந்த மண்ணில் வந்தவை.

"அந்த ஐப்பசி ராத்திரி ஞாபகம் இருக்குதாடா? சோத்துல கைய வெச்சிட்டு, கம்பெனிய மூடப்போறாங்கக்கா, கரெண்டு ஆபீசுக்குச் செஞ்ச ப்யூஸ் கட்டையெல்லாம் வெடிக்குது, எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு அழுதியே. எங்க தொட்டி சாமான் மட்டும் வெடிக்கலியே, ஏன்னு கேளுடான்னு நான்தான் சொன்னேன். பட்டைத் தண்ணி சங்கதியெல்லாம் பெருமையாச் சொன்னேன்."

"நீ நல்லதுக்குத்தான் சொன்ன. நானும் நல்லதுக்குத்தான் சொன்னேன். யாரையும் வேலைய உட்டு எடுக்க மாட்டேன்னு மொதலாளி வாக்குக் குடுத்தாரு."

"உன்ன ஸ்டோர் கிளார்க் ஆக்கினாரு."

"அது தானா வந்தது."

அது எப்போது வந்தது என்பது அவளுக்கு மறக்காது. தம்பிக்கு வேலை உயர்ந்ததென்று கேசரி கிளறித் தொட்டிக்குக் கொண்டுபோனாள். எட்டுப் பேரும் ஆவாரங்கறை படிந்த விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்கள். அடுத்த வாரமே நாலு பேரை நிறுத்தினார்கள். ரத்தினம்மா முதல் ஆள்.

காட்டிக்கொடுத்தது செல்லியம்மாதான் என்று ரத்தினம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். செல்லியம்மா கங்கம்மா கோயிலில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்தாள். அப்போதும் யாரும் நம்பவில்லை. செங்கம்மா கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. செல்லியம்மா இன்றைக்கும் தொட்டியில் அவளுக்கு அடுத்த இடத்தில்தான் நிற்கிறாள். யாரோடும் பேசுவதில்லை.

"அக்கா, நீ சொன்னேன்னு எழுதிடாத," என்றான் சம்பத். குரல் இறங்கியிருந்தது. "பத்திரம் நகல் கம்பெனிக்கு வரும். ஒரே நாள்ல தொட்டி பூரா தெரிஞ்சிடும். ரத்தினம்மா உன்ன சும்மா உடுவாளா? எனக்கு வேலை போச்சு. மூணு புள்ளைங்க இருக்குது. மனோரமா சூளை நின்னா நாகேந்திரனுக்கு வேற ஏதாவது வேலை பாத்துக்கலாம்."

"உன் வேலை போனா உனக்கும் வேற பாத்துக்கலாம் இல்லடா?"

அவன் காகிதத்தை உறைக்குள் திணித்தான்.

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல சம்பத்து. சொன்னது நானு. ஆனா அந்த செல்லியம்மா ரெண்டு வருசமா என் பக்கத்துல நிக்கறா. அவ மூஞ்சியப் பாத்துக்கினே நான் மண்ணு கரைக்கறேன். போதும்டா."

திரும்பி வக்கீல் ஆபீஸுக்கு நடந்தாள். சம்பத் பின்னால் வரவில்லை.

"எழுதிக்குங்க சாமி. என் தம்பிகிட்ட நான்தான் சொன்னேன். அவன் மொதலாளிகிட்ட சொன்னான்."

நாகேந்திரன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். வீடு வந்தால் மனோரமாவின் கைப்பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ளும் மாமன் சம்பத். கல்யாணத்தில் பந்தல்கால் நட்டவனும் அவன்தான்.

வக்கீல் தேதியைக் கேட்டார். ஐம்பத்தேழு ஐப்பசி, தீபாவளிக்கு அடுத்த செவ்வாய், அன்றைக்கு அவளுக்கு வாரக்கூலி நாள் இல்லை, அதனால் வீட்டில் மொச்சைக் குழம்புதான், என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினார்.

"இன்னும் ஒண்ணு போடணும்," என்றாள். "நாலு பேருக்கு வேலை போனது நான் வாயத் தொறந்ததாலதான். செல்லியம்மா மேல பழி உழுந்தது. அவ சொல்லல."

"இது கேசுக்கு வேண்டியதில்லம்மா."

"எனக்கு வேணும் சாமி."

வக்கீல் பென்சிலை மறுபடி எடுத்தார். டைப் அடிக்கும் குமாஸ்தாவிடம் ஏழாவது பாராவாகச் சேர்க்கச் சொன்னார். குமாஸ்தா தலையை நீட்டினான்.

"சொந்த ஊர் பாலசமுத்திரம்னு போட்டுட்டேன். மாநிலம்?"

"இன்னைக்கு ஆந்திரா. அதையே போடு," என்றார் வக்கீல்.

"இது ஜெயிக்குமா சார்?" என்று நாகேந்திரன் மெல்லக் கேட்டான்.

"சம்பத் இல்லேன்னு சொன்னா, ஒரு படிக்காத அம்மா வார்த்தைக்கு எதிரா ஒரு கிளார்க் வார்த்தை. கல்கத்தாவுல உக்காந்து படிக்கறவருக்கு ரெண்டும் காகிதம்தான். சம்பத் வாயிலதான் இருக்கு."

மாஜிஸ்திரேட் அறை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். செங்கம்மா ஆறாவது ஆள். வக்கீலும் நாகேந்திரனும் பக்கத்தில் நின்றார்கள். சம்பத் எங்கே என்று அவள் தேடவில்லை. தேடாமலே தெரிந்தது. ஆடு போல் இருமுகிற அந்த இருமல் அவளுக்கு முதுகுக்கு நேர் பின்னால் கேட்டது.

ஒருவருக்கும் மற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. வரிசை நகர்ந்தது.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் பத்திரத்தை அவருடைய பாஷையில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே வழக்கம். மாஜிஸ்திரேட் தெலுங்குக்காரர். பெஞ்ச் குமாஸ்தா தமிழில் படித்தான். நிலவரிக் கந்தாயப் பத்திரம் படிக்கிற குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சோடா மூட்டைக்குப் பின்னால் சட்டி வைத்ததைப் படித்தான். மேஸ்திரி வரும்போது மூச்சுப் பிடித்து ஆட்டியதைப் படித்தான். வரிசையில் நின்றவர்கள் காதைக் கொடுத்தார்கள்.

"...மேற்படி விஷயத்தை என் உடன்பிறந்த தம்பி சம்பத்திடம் நானே சொன்னேன். அவன் முதலாளியிடம் சொன்னதாக அவனே என்னிடம் ஒப்புக்கொண்டான். நாலு பேருக்கு வேலை போனது நான் சொன்னதால். செல்லியம்மா எதுவும் சொல்லவில்லை."

பின்னால் இருமல் நின்றுவிட்டது.

"இதி அந்தா நிஜமேனா?" இதெல்லாம் நிஜம்தானா என்று மாஜிஸ்திரேட் தெலுங்கில் கேட்டார்.

"நெஜம்தான் சாமி. பத்தாததுக்கு நான் ரெண்டு வருசம் கம்முனு இருந்ததையும் சேத்துக்குங்க."

அவர் குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா தெலுங்கில் சொன்னான். அவர் மை டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் இடது கைப் பெருவிரலை வைத்து எடுத்தாள். வெடிப்புகளோடு ரேகை விழுந்தது.

வக்கீல் காகிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு தபாலாபீஸுக்கு ஓட்டமாகக் கிளம்பினார். மூன்று மணிக்கு மேல் ரிஜிஸ்டர் தபால் வாங்கமாட்டார்கள். நாகேந்திரன், "வா அத்தே," என்று தோளைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டான்.

செங்கம்மா நகரவில்லை. சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"அடுத்தது யாரு? சம்பத்."

சம்பத் முன்னால் வந்தான். உறையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தான். குமாஸ்தா முதல் வரியைப் பார்த்தான். இப்போதுதான் வாசித்து முடித்த பெயர் என்று நினைவு வந்து, சுவரோரம் நின்ற செங்கம்மாவைப் பார்த்தான், சம்பத்தைப் பார்த்தான். காகிதத்தை மாஜிஸ்திரேட்டிடம் நீட்டித் தெலுங்கில் இரண்டு வார்த்தை சொன்னான்.

மாஜிஸ்திரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் தெலுங்கில் கேட்டதைக் குமாஸ்தா தமிழில் சொன்னான்.

"நீ படிச்சவன்தானே? உனக்குப் படிச்சுக் காட்ட வேண்டியதில்ல. இதுல இருக்கறது அத்தனையும் உண்மையா?"

சம்பத் பேனாவைத் திறந்தான். மூடி கையிலிருந்து நழுவி மேஜைக்கு அடியில் உருண்டது. அவன் குனிந்து எடுக்கவில்லை. அக்கா நிற்கிற பக்கம் தலையைத் திருப்பவும் இல்லை. நிப்பு கையெழுத்துப் போட வேண்டிய கோட்டுக்கு மேல் அரை அங்குலத்தில் நின்றது.

மாஜிஸ்திரேட் அதே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டார்.